வாசகர் கேள்வி – பதில்: சாமுராய் நெறியை எழுதியது யார்?

சென்ற இதழில் ஜப்பானின் சாமுராய்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

*

என் மகன் கராத்தே வகுப்புக்குப் போகிறான். அங்கே சுவரில் நேர்மை, வீரம், கருணை, மரியாதை, வாய்மை, மானம், விசுவாசம் என்று 'சாமுராயின் ஏழு நெறிகள்' எழுதிய பலகை இருக்கிறது. ஆயிரம் வருஷமாக ஒவ்வொரு சாமுராயும் மனப்பாடம் செய்தது இது என்கிறார் மாஸ்டர். அப்படித்தானா?
— ஒரு வாசகி, குன்னூர்

ஏழு குணங்களும் நல்லவை. ஆயிரம் வருஷக் கணக்குதான் நிற்காது. இந்த வரிசை, நிதோபே இனாசோ என்பவர் எழுதிய 'புஷிதோ: ஜப்பானின் ஆன்மா' (புஷிதோ என்றால் வீரர் நெறி) என்ற புத்தகத்தின் அத்தியாயத் தலைப்புகளிலிருந்து வந்தது. அதன் முன்னுரையில் இருக்கும் தேதி 1899 டிசம்பர். நிதோபே 1862-இல் மொரியோகாவில் ஒரு சாமுராய் வீட்டில் பிறந்தவர். அவருக்கு ஏறக்குறைய 9 வயதானபோது, 1871-இல், சிற்றரசுகள் எல்லாம் கலைக்கப்பட்டன. 1876-இல் பொது இடத்தில் வாள் தரிப்பதற்கே தடை வந்துவிட்டது. இடுப்பில் வாள் செருகி எஜமானிடம் வேலைக்குப் போகும் வயது வருவதற்குள் அந்த வேலையே நாட்டில் இல்லாமல் போயிற்று. அவர் படித்தது விவசாயம், பொருளாதாரம். சேர்ந்தது கிறிஸ்தவத்தில் குவேக்கர் பிரிவு. மனைவி அமெரிக்கர். உடம்பு தேறுவதற்காக அமெரிக்காவில் தங்கியிருந்தபோது ஆங்கிலத்திலேயே இந்தப் புத்தகத்தை எழுதினார்.

ஏன் எழுதினார் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். பெல்ஜியச் சட்ட அறிஞர் எமில் த லவலே அவரிடம், பள்ளிக்கூடத்தில் மதபோதனை இல்லையென்றால் ஜப்பானில் ஒழுக்கத்தை எப்படிச் சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டார். அப்போது பதில் வரவில்லை. பிறகு யோசித்தபோது, சிறு வயதில் தமக்கு நல்லது கெட்டதைப் புகட்டியது புஷிதோதான் என்று பட்டது. மனைவியும் இந்த வழக்கம் ஏன், அந்தப் பழக்கம் ஏன் என்று கேட்டபடி இருந்தார். ஆக, மேல்நாட்டாருக்கு ஜப்பானைப் புரியவைக்க எழுந்த நூல் அது. ஐரோப்பிய வீரர் மரபு, பைபிள், கிரேக்கம் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக்கொண்டே போவது அதனால்தான்.

குணங்கள் ஒவ்வொன்றும் பழையவையே. நேர்மை, கருணை, மரியாதை மூன்றும் சீன அறிஞர்கள் கன்ஃபூசியஸ், மென்சியஸ் நூல்களில் வருபவை. எடோ காலத்து (தோகுகவா வம்சம் ஆண்ட 1603–1868) சாமுராய் வீட்டுப் பிள்ளைகள் அந்த நூல்களை உருப்போட்டே வளர்ந்தார்கள். அவற்றை இப்படி ஒரு மாலையாகத் தொடுத்து, எல்லா சாமுராய்க்கும் இதுவே சட்டம் என்று சொல்வதுதான் புதிது. பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. அடியில் '1899, நிதோபே' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வரலாறும் சேர்ந்து கிடைக்கும்.

*

அதற்கு முன்னால் எழுதி வைத்த விதி எதுவுமே இல்லையா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

ஏராளமாக இருந்தன. வீட்டுக்கு ஒன்று, சிற்றரசுக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று. ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்கும். சாமுராய் நெறி என்று யாராவது பேசினால் எந்த வீட்டு நெறி, எந்த ஆண்டு, யார் யாருக்குச் சொன்னது என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

15-ஆம் நூற்றாண்டில் எச்சிசென் பகுதியை ஆண்ட அசகுரா தககாகே தம் வம்சத்துக்கு 17 கட்டளைகள் விட்டுப்போனதாகச் சொல்கிறார்கள். பெயர்பெற்ற கொல்லர் செய்த வாளுக்கு ஆசைப்படாதே என்பது அதில் ஒன்று. காரணம் கணக்காகவே இருக்கிறது: 10,000 காசுக்கு ஒரு வாள் வாங்குவதைவிட அதே பணத்தில் 100 காசு ஈட்டி 100 வாங்கி 100 பேர் கையில் கொடுத்தால் காவல் பலமாகும். அப்பன் பார்த்த பதவியைத் திறமையில்லாத மகனுக்குக் கொடுக்காதே என்பது இன்னொன்று. வாளே சாமுராயின் ஆன்மா என்ற பேச்சு இதில் எங்கும் கிடையாது.

1519-இல் காலமான ஹோஜோ சோவுன் பெயரில் வழங்கும் 21 கட்டளைகளைப் படித்தால் நம் வீட்டுப் பெரியவர் யாரோ பேசுவது போலவே இருக்கும். இரவு 8 மணிக்குள் படு. வெட்டியாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் விறகும் விளக்கெண்ணெயும் வீண். நடுச்சாமத்தில் அசந்து தூங்கும்போது திருடன் வந்தால் பொருளும் போகும், பேரும் கெடும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்திரு. முகம் கழுவும் முன் கழிவறை, லாயம், முற்றம், வாசல் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார், எங்கே சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆளுக்குச் சொல், பிறகு முகம் கழுவு. தண்ணீர் நிறைய இருக்கிறதே என்று கொப்பளித்துக் கொட்டாதே. உன் வீடுதானே என்று சத்தமாகத் தொண்டையைக் கனைக்காதே, கேட்பவருக்கு அருவருப்பு. வாளும் உடுப்பும் அடுத்தவனுடையதைப் போல இருக்க வேண்டும் என்று நினைக்காதே, பார்க்க அசிங்கமாக இல்லாவிட்டால் போதும். மடியில் ஒரு புத்தகம் வைத்திரு, நேரம் கிடைத்தால் யார் கண்ணிலும் படாமல் படி. கவிதை தெரியாதவன் தாழ்ந்தவன், கற்றுக்கொள்.

இந்தக் கடைசி வரியை கதோ கியோமசாவின் ஏழு கட்டளைகளோடு வைத்துப் பாருங்கள். அவர் 1562-இல் பிறந்து 1611-இல் இறந்த தளபதி. அவரும் விடியல் 4 மணிக்கே எழச் சொல்கிறார். ஆயுதப் பயிற்சி, சாப்பாடு, பிறகு வில், துப்பாக்கி, குதிரை. தீட்டாத அரிசிச் சோறு. உடுத்தப் பருத்தி அல்லது முரட்டுப் பட்டு. கவிதை கூடவே கூடாது, மனம் மென்மையாகிவிடும். நடனம் ஆடினால் மரண தண்டனை. இருவருமே சாமுராய்கள், இருவருமே தம் வீட்டாருக்குத்தான் சொன்னார்கள். ஒருவர் கற்கச் சொன்னதை மற்றவர் விலக்கச் சொல்கிறார்.

நாடு முழுவதற்கும் பொதுவாக வந்தது 1615-இல் தோகுகவா அரசு போட்ட 13 விதிகள். அவை சிற்றரசர்களுக்கானவை. கோட்டையைப் பழுதுபார்த்தால்கூடத் தெரிவிக்க வேண்டும், கலியாணம் தன் இஷ்டத்துக்குச் செய்யக் கூடாது, குடித்துக் கூத்தடிக்கக் கூடாது. இவை ஏட்டில் கிடந்த விதிகள் அல்ல. வெள்ளத்தில் சேதமான ஹிரோஷிமா கோட்டையை முறையான அனுமதி இல்லாமல் சீர்செய்ததற்காக 1619-இல் ஃபுகுஷிமா மசநோரியின் நாடே பறிபோயிற்று. ஏறக்குறைய 5 லட்சம் கொக்கு (அரிசி அளவு) விளைச்சல் நிலம் வைத்திருந்த அவரை 45,000 கொக்கு நிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

*

போரே இல்லாத 250 வருஷத்தில் இத்தனை வீரர்கள் என்ன வேலை பார்த்தார்கள்? சோறு யார் போட்டது?
— ஒரு வாசகர், கூடலூர்

குடியானவன் போட்டான். சம்பளம் அரிசிக் கணக்கில். ஒரு கொக்கு என்பது சுமார் 180 லிட்டர், எடையில் ஏறக்குறைய 150 கிலோ, ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி. கீழ்நிலைச் சேவகனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று படி அளப்பார்கள். நாளைக்கு 5 கோ, அதாவது 900 மில்லி. இது வருஷத்துக்கு 1.8 கொக்கு ஆகிறது. அரிசியை விற்றுத்தான் உப்பு, துணி, விறகு எல்லாம் வாங்க வேண்டும். அரிசி விலை இறங்கினால் சம்பளமும் இறங்கியதாக அர்த்தம். கஜானா காலியான சிற்றரசுகள் சம்பளத்தில் ஒரு பங்கை 'கடன்' என்று சொல்லிப் பிடித்துக்கொண்டன, திருப்பித் தரவில்லை. சேவகர்கள் வீட்டில் காகிதக் குடை ஒட்டிப் பிழைத்தார்கள். பகலில் வரிக் கணக்கு, கிடங்குக் கணக்கு, வாசல் காவல்.

ஜப்பானியச் சிந்தனையில் இந்த நெறிக்கு ஓர் இடம் கிடைத்ததே இந்தச் சங்கடத்தால்தான். யமகா சோகோ (1622–1685) இதை நேராகவே கேட்டார்: உழவன் விளைவிக்கிறான், தொழிலாளி செய்கிறான், வணிகன் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். உழாமல், செய்யாமல், விற்காமல் சாப்பிடும் சாமுராயின் தொழில் என்ன? அவர் கண்ட பதில்: மற்றவருக்கு அறம் பேணவே நேரமில்லை, ஆகவே அறத்தை நடந்து காட்டுவதுதான் இவன் தொழில், அதில் தவறினால் இவன் வெறும் திருடன். இவ்வளவு கூர்மையாகத் தன் வகுப்பையே கூண்டில் ஏற்றிய எழுத்து அபூர்வம். 1683-இல் அரசு அந்த 13 விதிகளைத் திருத்தியபோது, முதல் விதியில் வில்லும் குதிரையும் இருந்த இடத்தில் விசுவாசமும் பெற்றோர் பேணலும் மரியாதை முறையும் வந்து உட்கார்ந்தன.

*

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வாசகம் 'ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேய'. 'சாமுராயின் வழி சாவில் இருக்கிறது' என்ற, ஹககுரே நூலின் வாசகமும் இதுவும் ஒன்றுதானே?
— ஒரு வாசகர், வெலிங்டன்

ஐயா, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை போலத் தெரிந்தாலும் சொன்னவர் நின்ற இடம் வேறு. உங்கள் வாசகம் கீதையின் 3-ஆம் அத்தியாயத்து 35-ஆம் சுலோகத்திலிருந்து எடுத்தது. அங்கே எடை தன் கடமை என்பதன்மேல் விழுகிறது: பிறர் கடமையை நன்றாகச் செய்வதைவிடத் தன் கடமையில் சாவது மேல்.

ஹககுரேயைச் சொன்ன யமாமோத்தோ ட்சுனேதோமோ (1659–1719) போரைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. கடைசிப் பெரிய சண்டையான ஷிமாபரா 1638-லேயே முடிந்துவிட்டது. அவர் சாகா சிற்றரசில் நபேஷிமா வீட்டுச் சேவகர், எழுத்து வேலை பார்த்தவர். கவிதைப் பிரியரான எஜமானுக்காகக் கியோட்டோவிலிருந்து அரிய கவிதை விளக்க ஏடுகளை வாங்கிக்கொண்டு வந்து சேர்த்ததுதான் அவர் பெரிதாக நினைத்த சாதனை. 1700-இல் எஜமான் இறந்தார். கூடவே உயிர்விட விரும்பினார், ஆனால் அது ஏற்கெனவே தடை செய்யப்பட்டிருந்தது. தலையை மழித்துக்கொண்டு குடிசைக்குப் போனார். 1710 முதல் 1716 வரை ஓர் இளைய சேவகர் அவர் பேசப்பேச எழுதிச் சேர்த்தது 11 பாகம். எரித்துவிடு என்ற குறிப்போடு கையெழுத்துப் படியாகவே உள்ளூரில் சுற்றியது.

சாவு பற்றிய அந்த வரி வரும் பத்தியின் முடிவு வரை படிக்க வேண்டும். தினமும் காலையும் மாலையும் இறந்துவிட்டதாகவே எண்ணி வாழ்ந்தால் ஆயுள் முழுக்கக் குற்றமில்லாமல் தன் வேலையைச் செய்து முடிப்பாய் என்று அது போய் நிற்கிறது. அவர் கவலையெல்லாம் அலுவலில் தவறு வராமல் இருப்பதுதான். மற்றப் பக்கங்களைப் பார்த்தால் இது விளங்கும். நாளைய வேலையை இன்று இரவே யோசித்து எழுதி வை. நாலு பேர் முன் கொட்டாவி வந்தால் நெற்றியை மேல்நோக்கித் தடவு, நின்றுவிடும். நிற்காவிட்டால் வாயைத் திறக்காமல் உதட்டை நக்கு, அல்லது கைத்துணியால் மறை.

இந்தப் பத்தியின் முதல் வரி மட்டும் தனியாகக் கழன்று படைவீரர் கைக்குப் போனது பிற்காலத்தில். 1873-இல் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தபோது படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குடியானவர் பிள்ளைகள். 1882-இல் பேரரசர் பெயரால் வந்த படைவீரர் ஆணை, கடமை மலையைவிடக் கனம், சாவு இறகைவிட லேசு என்றது. 1941 ஜனவரியில் வந்த போர்க்களக் கையேடு, உயிரோடு பிடிபட்டு அவமானப்படாதே என்றது. பர்மாவில் நம் படைகளுக்கு எதிரே நின்றவர்கள் மனதில் ஏற்றப்பட்டிருந்தது இந்த 1882, 1941 வாசகங்கள். பழைய சாமுராய் சரணடைந்ததும் உண்டு, பிடிபட்டபின் எதிரியிடமே சேவகத்தில் சேர்ந்ததும் உண்டு. அந்தச் சிப்பாய்களின் சாவுக்கு நிஜமான காரணத்தைப் பழம்பெருமையில் தேடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

*

சாமுராய் நினைத்தால் யாரையும் வெட்டிப்போடலாமாமே?
— ஒரு மாணவர், குன்னூர்

சினிமாவில் முடியும். 1742-இல் தொகுத்த தண்டனை விதிகளில் அப்படி ஒரு பிரிவு உண்டு. ஆனால் பொறுக்க முடியாத அவமதிப்பு நடந்திருக்க வேண்டும், உடனே போய் அதிகாரியிடம் சொல்ல வேண்டும், சாட்சி வேண்டும், விசாரணை உண்டு. நிரூபிக்க முடியாவிட்டால் வெட்டியவன் தலைக்கே ஆபத்து.

*

47 ரோனின்கள் செய்தது சரியா, தவறா?
— ஒரு வாசகி, கொடைக்கானல்

அவர்கள் காலத்திலேயே தீராத வழக்கு. 1701-இல் அகோ சிற்றரசர் அசானோ, எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள்ளேயே கிரா என்ற அதிகாரியை வாளால் தாக்கினார். கோட்டைக்குள் வாளை உருவுவது பெருங்குற்றம். அன்றே அவருக்கு வயிறு கிழித்துச் சாகும்படி உத்தரவு, நாடு பறிமுதல். கிராவுக்குத் தண்டனை இல்லை. எஜமான் இல்லாமல் போன சேவகர், அதாவது ரோனின்கள், 47 பேர் ஓயிஷி குரனோசுகே தலைமையில் காத்திருந்து, நம் கணக்கில் 1703 ஜனவரி இறுதியில், கிரா வீட்டுக்குள் புகுந்து அவர் தலையை எடுத்துப்போய் எஜமான் சமாதியில் வைத்தார்கள். அந்தச் சமாதியும் அவர்கள் சமாதிகளும் டோக்கியோவின் செங்ககுஜி கோயிலில் இருக்கின்றன.

அறிஞர் ஹயாஷி ஹோகோ அவர்களை மெச்சினார். சாதோ நவோகதா, எஜமான் செய்ததே குற்றம், அதற்குப் பழி வாங்க என்ன இருக்கிறது என்றார். ஓகியூ சொராய், எஜமானுக்கு அது நியாயமாக இருக்கலாம், நாட்டுச் சட்டத்துக்கு அது கொலை, ஆகவே தண்டனை கொடு, ஆனால் மரியாதையான சாவாகக் கொடு என்றார். அந்த 47 பேரில் தண்டனை பெற்ற 46 பேருக்கு நடந்ததும் அதுதான். நம் ட்சுனேதோமோவின் குறை வேறு: இத்தனை மாதம் ஏன் காத்திருந்தார்கள், அதற்குள் கிரா நோயில் செத்திருந்தால்? எங்களுக்கு சொராய் சொன்னதே ஏற்புடையதாக இருக்கிறது. தனி விசுவாசமும் பொதுச் சட்டமும் மோதும்போது இரண்டில் ஒன்றை இல்லையென்று சொல்லி அவர் தப்பிக்கவில்லை.

*

சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்ததும், சாமுராய் வயிறு கிழித்துச் சாகும் செப்புக்குவும் ஒன்றா?
— ஒரு தமிழாசிரியர், கொடைக்கானல்

நாணம் பொது. முறை வேறு. வடக்கிருக்கச் சேரமானை யாரும் பணிக்கவில்லை. எடோ காலத்து செப்புக்கு பெரும்பாலும் அரசு விதித்த தண்டனை. நாள், இடம், சாட்சி அதிகாரி எல்லாம் உத்தரவிலேயே இருக்கும். எஜமானோடு உயிர்விடும் வழக்கத்தைச் சோழர் காலத்து வேளைக்காரப் படையின் சபதத்தோடு ஒப்பிட்டால் பொருந்தும். அதை 1663-இல் அரசு தடை செய்தது. 1668-இல் உட்சுனோமியாவில் ஒரு சேவகர் தடையை மீறி உயிர்விட்டார். அந்தச் சிற்றரசுக்கு 20,000 கொக்கு குறைக்கப்பட்டு இடமும் மாற்றப்பட்டது. இறந்தவரின் பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அந்த வழக்கம் அடங்கிவிட்டது.

*

தாத்தா பர்மா யுத்தத்திலிருந்து கொண்டுவந்த ஜப்பான் வாள் வீட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் துரு பிடிக்கிறது. நீலகிரித் தைலம் தடவலாமா? ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம்.
— ஒரு வாசகர், ஊட்டி

தைலம் வேண்டாம். அது ஆவியாகிப் போய்விடும், இரும்பின்மேல் படலமாக நிற்காது. தேங்காய் எண்ணெய் ஊட்டிக் குளிரில் உறைந்து திட்டுத் திட்டாக ஒட்டும், நாளானால் பிசுபிசுக்கும். ஜப்பானில் பூசுவது கிராம்பு வாசனை சேர்த்த லேசான எண்ணெய். பல்வலிக்கு விற்கும் சுத்தக் கிராம்பு எண்ணெய் அதற்கு மாற்று ஆகாது. தையல் மிஷின் எண்ணெய் போதும்.

முதலில் எந்த வாள் என்று பாருங்கள். கைப்பிடி முழுக்க உலோகமாக, துணி சுற்றியது போல அச்சில் வார்த்து வண்ணம் பூசியிருந்து, அலகில் எண் பொறித்திருந்தால் அது கீழ்நிலை அதிகாரிகளுக்காக ஆலையில் செய்தது. கைப்பிடியைக் கழற்ற முயல வேண்டாம். நிஜத் துணிச் சுற்றும் பக்கவாட்டில் சிறு மூங்கில் ஆணியும் இருந்தால் அதிகாரி வாள், உள்ளே பழைய கைவேலை அலகும் இருக்கக்கூடும்.

உறையிலிருந்து உருவும்போது கூர்ப்பக்கம் மேலே இருக்கட்டும், முதுகு உறையில் சறுக்கி வரட்டும். கூர் உறையில் உரசினால் மரமும் கெடும், விரலும் போகும். பழைய எண்ணெயைப் பழகிய மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். துணியை முதுகுப் பக்கமாக மடித்துப் பிடித்து, கைப்பிடியை ஒட்டிய வளையத்திலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் இழுங்கள், முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. பிசின் போகாவிட்டால் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட். காய்ந்ததும் நாலைந்து சொட்டு எண்ணெயை வேறு துணியில் விட்டு, பார்த்தால் மினுங்கும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். அதிகமானால் உறைக்குள் வடிந்து தூசியைப் பிடித்து அலகைக் கீறும். அலகை வெறும் விரலால் தொட்டால் மறுநாளே ரேகை துருவாகத் தெரியும். வாள் துடைப்பதற்கென்று ஜப்பானில் ஒரு கற்பொடி உண்டு. அதற்குப் பதிலாக விபூதி, பல்பொடி எதையும் போடாதீர்கள். உப்புத்தாளும் எமரியும் கூடவே கூடாது. இருக்கும் துருவை எண்ணெய் பூசிப் பெருகாமல் நிறுத்தினால் போதும். கைப்பிடிக்குள் இருக்கும் வாலில் உள்ள கருந்துருவைச் சுரண்டினால் வயதையும் கொல்லன் பெயரையும் அறிய வழியில்லாமல் போகும்.

ஜூன் முதல் டிசம்பர் வரை மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள், மற்ற மாதங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். நிறுத்தி வைக்காமல் கூர் மேலே இருக்கும்படி படுக்கையில் வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். தோல் உறை இருந்தால் அலகை அதில் நிரந்தரமாக வைக்கக் கூடாது, தோல் ஈரத்தை வாங்கும். பூஜையன்று சந்தனமும் குங்குமமும் மரத்தாங்கியில் வையுங்கள். ஈரச் சந்தனம் ஒரே இரவில் அலகில் வட்டம் போட்டுவிடும், எலுமிச்சைச் சாறு பட்டால் கறை நிரந்தரம். வாள் ஆயுதச் சட்டத்தில் வருவதால், வைத்திருப்பது பற்றிக் கலெக்டர் அலுவலக ஆயுதப் பிரிவில் எழுத்தில் கேட்டு, பதிலை வாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.